வயிற்றெரிச்சல் வம்சம்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் தன் வாழ்நாளில் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை, சகலையைத் தவிர. சகலையைப் பார்த்துப் படுவதற்கே பொழுது சரியாகப் போய்விட்டதால், மற்றவர்களுக்கென்று தனியாக ஒதுக்க அவரால் முடியவில்லை.

சகலை அவர் மனைவியின் அக்காள் கணவர், டைல்ஸ் வியாபாரி. சகலையின் கடைக் கதவு ஆள் வருவதைப் பார்த்துத் தானாகத் திறக்கும். கண்ணாடிக் கடைக் கதவை உள்ளே இருப்பவர் எழுந்து வந்து இழுத்தால்தான் திறக்கும். சகலையின் கார் பின்னால் போகும்போது பாட்டுப் பாடும். இவருடைய ஸ்கூட்டர் முன்னால் போவதற்கே யோசிக்கும். இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். காசு கொடுத்து வாங்கியதைக் காசு வந்தால் நாமும் வாங்கிக்கொள்ளலாம் என்று மனத்தை ஆற்றினார். ஆனால் திடீரென்று ஒரு நாள் சகலைக்குத் தாத்தாவின் தாத்தா ஒருவர் கிடைத்தார். அவர் பிரெஞ்சுப் படையில் சார்ஜன்டாக இருந்தவர். அதைத்தான் இவரால் செரிக்க முடியவில்லை.

சார்ஜன்டைத் தேடி எடுத்துக் கொடுத்தது வழித்தோன்றல் பேரவை. அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் படையில் சேவகம் செய்தவர்களுடைய எள்ளுப்பேரன்மார் கூடி நடத்தும் அமைப்பு அது. அவர்களில் யாரும் படையில் இருந்ததில்லை. ஒருவர் மட்டும் பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில் இருந்திருக்கிறார். அவரைப் பாதுகாப்புச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் பேரவையின் கூடம் இருந்தது. சகலைக்குப் பட்டை அணிவிக்கும் விழாவுக்குக் கண்ணாடிக்காரரும் மனைவியும் போனார்கள். கூடத்தில் யார் எங்கே உட்காருவது என்பதை அவரவர் முன்னோர் முடிவு செய்திருந்தார்கள். கேப்டன் வம்சத்துக்கு உயர்ந்த முதுகு வைத்த நாற்காலி. அப்படி ஒன்றுதான் இருந்தது. அதில் தலைவர் இருந்தார். சார்ஜன்ட் வம்சத்துக்குக் கைப்பிடியும் மெத்தையும். கார்ப்பரல் வம்சத்துக்கு மெத்தை உண்டு, கைப்பிடி கிடையாது. சிப்பாய் வம்சத்துக்கு பெஞ்சு. முன்னோர் உறுதியாகாதவர்கள் சுவர் ஓரமாக நிற்கலாம்.

மனைவி உரிமையோடு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பாதுகாப்புச் செயலாளர் வந்து குனிந்தார்.

“கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா? இது ரத்த வரிசை. நீங்க கல்யாண வரிசை.”

“எங்க அக்காவும் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தவதானே?”

“ஆமாங்க. ஆனா அவங்க பண்ணிக்கிட்டது சார்ஜன்டை.”

மனைவி எழுந்து வந்து கணவர் பக்கத்தில் சுவரோரம் நின்றாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேடையில் தலைவர் சகலையின் தோளிலிருந்து இடுப்புவரை நீலப் பட்டை ஒன்றைக் குறுக்கே மாட்டினார். டைல்ஸ் விற்பவருக்கு நீலம் இவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று கண்ணாடிக்காரர் நினைக்கவில்லை. கைதட்டும்போது அவருடைய இரண்டு கைகளும் ஒன்றையொன்று சந்திக்க மறுத்தன.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து குரல் வந்தது.

“உங்க பரம்பரையில யாருமே எதுலயுமே இருந்ததில்லையா?”

“இருந்திருப்பாங்க.”

“எங்க அக்காவுக்குப் பாருங்க, போன இடத்துல புருஷன் மட்டுமில்ல, பூர்வீகமும் நல்லா அமைஞ்சிருக்கு.”

மறுநாள் அவர் ஒருவருடைய இடது கண் வில்லையை வலது பக்கம் மாட்டிக் கொடுத்தார். அந்த மனிதர் கடைப்படி இறங்கும்போது படி எங்கோ ஆழத்தில் இருப்பதாகச் சொல்லி, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். வேறொருவருக்குக் கண்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்தபோது, அளவுகோலுக்குப் பின்னால் இருந்த முகம் சகலையின் முகமாகத் தெரிந்தது. கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அப்பாவின் அக்காளைத் தேடிப் போனார். குடும்பத்தில் பழைய சங்கதி தெரிந்தவள் அத்தை ஒருத்திதான். சங்கதி நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்லும் வழக்கம் மட்டும் அவளிடம் கிடையாது.

அத்தை கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“பட்டாளத்துல ஒருத்தர் இருந்தார்னு எங்கப்பா சொல்லுவார். ஓடி வந்துட்டாராம்.”

“சண்டைக்குப் பயந்தா?”

“சண்டையெல்லாம் நல்லாப் போட்டிருக்கார். கூட இருந்தவனுக்கு என்னமோ குடுத்தாங்களாம், இவருக்குக் குடுக்கலையாம். அதைப் பாத்துக்கிட்டு எப்படி இருக்கிறதுன்னு கிளம்பி வந்துட்டாராம். உங்கப்பன் மட்டும் என்ன? பக்கத்து வீட்டுல மாடி எடுத்தாங்கன்னு அந்தப் பக்க ஜன்னலையே ஆணி அடிச்சு மூடினவன்தானே.”

கண்ணாடிக்காரருக்கு ஒருவிதமான நிம்மதி வந்தது. முகம் தெரியாத அந்த மனிதரை எங்கோ பார்த்துப் பழகியது போல இருந்தது. ஓடி வந்தவர் என்பது கொஞ்சம் உறுத்தியதுதான். ஆனால் படையில் இருந்தவன்தானே படையிலிருந்து ஓட முடியும், டைல்ஸ் கடையிலிருந்தா ஓட முடியும் என்று எண்ணிக்கொண்டார்.

அடுத்த நாளே பேரவைக்குப் போனார். எழுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“விண்ணப்பம் குடுக்கணும்னா உக்காந்துதான் குடுக்கணும். நின்னுக்கிட்டுக் குடுத்தா அது மனு. மனு நாங்க வாங்குறதில்லை.”

“சரி, உக்காந்துக்கிறேன்.”

“எந்த நாற்காலியில? உங்க முன்னோர் என்ன பதவி?”

“அதைக் கண்டுபிடிக்கத்தானே வந்திருக்கேன்.”

“கண்டுபிடிச்சிட்டு வாங்க, நாற்காலி குடுக்கிறேன். அப்புறம் விண்ணப்பம் குடுங்க, கண்டுபிடிச்சுத் தர்றோம்.”

கண்ணாடிக்காரர் கடைக்குப் போய், தான் உட்கார்ந்து வில்லை தேய்க்கும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளி ஆசனம் உள்ளே வந்தால் மற்ற ஆசனங்களின் வரிசை கெட்டுவிடும் என்று வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். தரையில் உட்காரலாமா என்று கேட்டார். தரை கேப்டன் காலடி படும் இடம் என்பதால் அதற்கும் அனுமதியில்லை. எழுத்தர் நல்ல மனிதர். நெடுநேரம் யோசித்து, சுவரில் சாய்ந்து முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் அதை உட்காரும் எண்ணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வழி சொன்னார். அப்படியே சாய்ந்து, தொடை நடுங்க நடுங்க, எழுத்தர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு நிதானமாக எழுதி முடிக்கும்வரை கண்ணாடிக்காரர் பதில் சொன்னார்.

“உங்க முன்னோருக்கு இதுல சம்மதமா?”

“அவர் இறந்துட்டார்.”

“அப்ப மறுப்பு சொல்லலை. சம்மதம்னு போட்டுக்கிறேன்.”

சில மாதங்கள் கழித்து, கடல் கடந்த ஏதோ ஓர் ஆவணக் காப்பகத்திலிருந்து பதில் வந்தது. அத்தை சொன்னது உண்மைதான். அப்படி ஒரு சிப்பாய் இருந்திருக்கிறார், சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறார். காரணத்தையும் அவருடைய மேலதிகாரி எழுதி வைத்திருந்தார். பேரவையின் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் இப்படி எழுதினார்: ‘மேற்படி வீரர் வயிற்றெரிச்சல் காரணமாகப் படையை விட்டு நீங்கினார்.’

“வயிற்றெரிச்சல்னா பொறாமைதானேங்க?” என்று கண்ணாடிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். “பொறாமைதான். ஆனா அப்படி எழுதினா கோப்பு ஒழுக்கக் குழுவுக்குப் போகும். அந்தக் குழுவுக்குத் தகுதியான ஆள் இன்னும் கிடைக்கலை. எப்பவுமே கிடைக்கமாட்டாங்க. வயிற்றெரிச்சல்னு எழுதினா மருத்துவக் குழு. கீழ பல் டாக்டர் சும்மாதான் இருக்கார்.”

பல் டாக்டரின் எள்ளுத்தாத்தா படையில் முடி வெட்டியவர். அந்தக் காலத்தில் முடி வெட்டுபவரே பல்லும் பிடுங்குவார் என்பதால், பேரவையின் மருத்துவக் குழுவுக்கு இவரே தலைவர், இவரே உறுப்பினர்.

“வாயைத் திறங்க.”

“கோளாறு வயித்துலன்னுதானேங்க எழுதியிருக்கு?”

“வயிறு எங்க ஆரம்பிக்குதுன்னு நினைச்சீங்க? திறங்க.” உள்ளே விளக்கடித்துப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். “கடைவாய்ப் பல்லு நாலும் மழுங்கியிருக்கு. பல்லைக் கடிப்பீங்களா?”

“எப்பவும் இல்லை. சகலை வீட்டுக்குப் போய்ட்டு வந்தா ஒரு வாரம் கடிப்பேன்.”

பல் டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு தலைவரும் அவரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முன்னோரை வீட்டுக்கு அனுப்பிய நோய் பரம்பரை நோயாகத்தான் இருக்க வேண்டும். இவர் உண்மையான வழித்தோன்றல் என்றால் அது இவருக்கும் இருக்கும். இருக்கிறதா என்று பேரவை முன்னிலையில் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். சகலைக்கு இரண்டாவது கௌரவம் ஒன்று தருவதாக இருந்தார்கள்: ஆஸ்பத்திரி வாசலில் நிழலுள்ள ஒரே மரத்தடியில் காரை நிறுத்திக்கொள்ளும் உரிமை. அந்த விழாவிலேயே சோதனையையும் வைத்துக்கொண்டார்கள்.

விழாவில் கண்ணாடிக்காரரைச் சுவரோரம் நிற்க வைத்து, பக்கத்தில் நின்று பல் டாக்டர் அவர் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். எதிரே ரத்த வரிசையில் அக்கா. கல்யாண வரிசையில், தலை குனியாமல், மனைவி.

முதலில் தலைவர் பேசினார்.

“நம்ம பேரவைக்கு யாரும் பொறாமையால வர்றதில்லை. வரலாற்று ஆர்வத்தாலதான் வர்றாங்க. நானே உதாரணம். எங்க பக்கத்து வீட்டுக்காரர் தன் படிப்பையெல்லாம் ஒரு பலகையில எழுதி வாசல்ல மாட்டினார். அன்னிக்கே எனக்கு வரலாற்று ஆர்வம் வந்துடுச்சு. எனக்குப் படிப்பு இல்லை. ஆனா ஒரு கேப்டன் இருந்திருக்கணும்னு உள்ளுக்குள்ள தோணிச்சு. உடனே இந்தப் பேரவையை அமைச்சேன். விசாரணைக் குழு போட்டேன். வேற யார்மேலயும் நம்பிக்கை இல்லாததால நானே அதுக்குத் தலைவரா இருந்தேன். ரொம்பக் கண்டிப்பா விசாரிச்சேன், என்கிட்ட நான் இரக்கமே காட்டலை. கடைசியில கேப்டன் இருந்தார்னு தீர்ப்பு வந்துச்சு. இப்ப எங்க வாசல்லயும் பலகை இருக்கு. அவர் பலகையைவிட ஒரு சாண் பெரிசு.”

கைதட்டல் எழுந்தது. பல் டாக்டர் உள்ளங்கையை இன்னும் அழுத்தினார். “எரியுதா?”

எரியவில்லை. அதுதான் கண்ணாடிக்காரருக்குப் புரியவில்லை. இத்தனை வருஷம் கேட்காமலே வந்தது, இன்று கூப்பிட்டும் வரமாட்டேன் என்றது. பயத்தில் வயிறு சில்லென்று இருந்தது. சகலை மேடையேறினார். மரத்தடி உரிமை வாசிக்கப்பட்டது. கண்ணாடிக்காரர் அந்த நிழலை நினைத்துப் பார்த்தார். வெயிலில் காய்ந்து சுடும் தன் ஸ்கூட்டர் இருக்கையை நினைத்தார். தானாகத் திறக்கும் கதவையும் ஒருமுறை வரவழைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நன்றியுரையும் ஆயிற்று. பல் டாக்டர் கையை எடுக்கப்போனார். கல்யாண வரிசையில் மனைவியின் தலை மெல்லக் குனிவது தெரிந்தது.

சகலை மேடையிலிருந்து இறங்கி நேராக இவரிடம் வந்தார். தோளில் கை போட்டார். அந்தக் குரலில் கபடமே இல்லை.

“மனசை விடாதீங்க சகலை. உங்களுக்கு ஏதாவது சின்னதா ஒண்ணு பாத்துக் குடுக்கச் சொல்லி நான் தலைவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

பல் டாக்டர் சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போலக் கையை உதறினார்.

“இருக்கு. நல்லா இருக்கு.”

கூடம் முழுவதும் எழுந்து நின்றது. பேரவையின் விதிப்புத்தகத்தைப் பாதுகாப்புச் செயலாளர் புரட்டிப் பார்த்து வாசித்தார். நோயால் படையை நீங்கிய வீரரின் வம்சம் இதுவரை வந்ததேயில்லை. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் விதிகளை எழுதிய மனிதர் தாராளமாக எழுதி வைத்திருந்தார். எழுதிய அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லையாம். அந்த வம்சத்தார் சாய்வு நாற்காலியில் உட்காரலாம். கால் நீட்டிக்கொள்ளத் தனி முக்காலி உண்டு. பலகாரம் முதலில் அவருக்கே போகும். கூடத்தின் மின்விசிறியை அவர் இருக்கும் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். அவர் மனைவி அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் ரத்த வரிசைக்கும் முன்னால் உட்கார வேண்டும்.

தலைவரின் அறையிலிருந்து சாய்வு நாற்காலியைத் தூக்கி வந்தார்கள். கண்ணாடிக்காரர் சாய்ந்து, காலை நீட்டினார். மனைவி அக்காவைத் தாண்டி நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தாண்டும்போது அவசரப்படவில்லை. உட்கார்ந்ததும் கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கல்யாணமான புதிதில் அவள் அப்படிச் செய்ததுண்டு. கண்ணாடிக்காரருக்கு வயிறு குளிர்ந்தது. அதை யாரும் கவனித்துவிடக் கூடாதே என்று முகத்தைக் கொஞ்சம் சுளித்து வைத்துக்கொண்டார்.

பிறகு மின்விசிறியைத் திருப்பினார்கள். அதுவரை அது, தன் இடத்தில் போய் உட்கார்ந்திருந்த சகலையின் பக்கம் இருந்தது.

நீலப் பட்டையின் நுனி படபடப்பது நின்றது. சகலை தன் மெத்தையைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். மைத்துனி உட்கார்ந்திருந்த இடத்தையும், அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தன் மனைவியின் முகத்தையும் பார்த்தார். எழுந்தார்.

“தலைவர் ஐயா, எனக்கு ஒண்ணு புரியலை. என் ஆள் கடைசிவரைக்கும் சண்டை போட்டவர். அவர் ஆள் ஓடிப்போனவர். ஓடிப்போனவனுக்குச் சாய்வு நாற்காலியா?”

சொல்லி முடிப்பதற்குள் அவர் கை மேல்வயிற்றுக்குப் போனது. முகம் சுருங்கியது. பல் டாக்டர் தாவி வந்து உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

“ஐயா, இவ்வளவு தெளிவான அறிகுறியை என் அனுபவத்துல பார்த்ததில்லை.”

தலைவரும் பல் டாக்டரும் செயலாளரும் மூலையில் கூடிப் பேசினார்கள். பேரவையின் வரலாற்றிலேயே மிக நேர்மையான தீர்ப்பு என்று பின்னால் சொல்லப்பட்ட அந்தத் தீர்ப்பைத் தலைவரே வாசித்தார்.

“சார்ஜன்டைப் பத்தி மேலதிகாரி எழுதினதை மறுபடி பார்த்தோம். கல்லைத் தின்னாலும் செரிக்கிற ஆள்னு எழுதியிருக்கு. அப்படிப்பட்டவர் வம்சத்துல இப்படி ஒரு வயிறு பிறக்க முடியாது. பேரவை உணர்ச்சிக்கு இடம் குடுக்காது, ஆதாரத்துக்குத்தான் குடுக்கும். நம்ம டைல்ஸ்காரர் சார்ஜன்ட் வம்சம் இல்லை. அவரும் வயிற்றெரிச்சல் வம்சம்தான். ரெண்டு பேருக்கும் ஒரே முன்னோர். இதுவரைக்கும் சகலை, இனிமே பங்காளி.”

செயலாளர் நீலப் பட்டையைக் கழற்றினார். மரத்தடி உரிமை மறுபரிசீலனைக்குப் போயிற்று. சகலை வாசலைப் பார்த்து நடக்கத் திரும்பினார். ஆனால் இன்னொரு சாய்வு நாற்காலியும் இன்னொரு முக்காலியும் வரப்போகின்றன என்று கேள்விப்பட்டதும் உட்கார்ந்துவிட்டார். மின்விசிறியை இருவருக்கும் நடுவில் பார்த்து வைத்தார்கள். அந்தக் காற்று இருவர் மேலும் படாமல் நடுவே போய்ச் சுவரில் மோதியது.

பங்காளிகள் இருவரும் அடுத்தடுத்து, காலை நீட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் பலகாரம் சாப்பிட்டார்கள்.

“ஏதோ பாத்துக் குடுக்கச் சொன்னேன்னு சொன்னேனே, பாத்தீங்களா?” என்றார் சகலை கடைசியில்.

“பாத்தேன்.”

“என்னையே பாத்துக் குடுத்துட்டாங்க.”

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சகலையும் சிரித்தார். எத்தனையோ வருஷத்தில் இருவரும் ஒரே விஷயத்துக்கு ஒரே நேரத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை. பின்னால் அக்காள் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “இவ்வளவு நாள் அக்கா தங்கச்சியா நல்லாத்தான் இருந்தோம். இப்ப ஓரகத்தியாவும் ஆக்கிட்டாங்க. இனிமே எந்த உறவுல சண்டை போடுறோம்னு ஒவ்வொரு தடவையும் தெளிவா சொல்லிக்கணும்.”

வீட்டுக்குத் திரும்பும்போது கண்ணாடிக்காரர் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினார். ஒரே முன்னோர், ஒரே நாற்காலி, ஒரே முக்காலி. இனி இருவரையும் ஒப்பிட எதுவும் மிச்சமில்லை என்பது அவருக்கு நன்றாக இருந்தது. பின்னாலிருந்து மனைவி அவர் தோளில் வைத்திருந்த கை இதமாக இருந்தது.

சிக்னலில் வண்டி நின்றது. அவள் காதருகே குனிந்தாள்.

“இருந்தாலும் அத்தானைப் பாத்தீங்களா? மின்விசிறியைத் திருப்பினதுமே அவருக்கு வந்துடுச்சு. உங்களுக்குச் சாயங்காலம் முழுக்க வேண்டியிருந்துச்சு.”

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகும் கண்ணாடிக்காரர் ஹாண்டில் பாரை இறுகப் பிடித்தபடி, கடைவாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.